ஸ்ப்ரே ஃபோம் தொழில் தொடங்க எந்த மாநிலம்: கலிபோர்னியாவா, வாஷிங்டனா, டெக்சாஸா?

அமெரிக்காவில் வீடுகளுக்கு ஸ்ப்ரே ஃபோம் அடித்து வெப்பத்தடுப்பு செய்யும் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "இதற்கு லைசென்ஸ் வேண்டுமா?" என்பதுதான். நாடு முழுவதற்கும் பொருந்தும் பதில் இதற்குக் கிடையாது. கட்டட ஒப்பந்ததாரருக்கு உரிமம் கொடுப்பது மத்திய அரசின் வேலை இல்லை. மாநிலங்கள் தத்தம் வழியில் போகின்றன. கலிபோர்னியா தேர்வு வைக்கிறது, கைரேகை எடுக்கிறது, நான்கு ஆண்டு அனுபவத்துக்குச் சான்று கேட்கிறது. வாஷிங்டன் மாநிலம் தேர்வு வைப்பதில்லை. பிணைப்பத்திரத்தையும் (வேலையில் தவறினால் இழப்பீடு கிடைக்கும் என்று ஒரு பிணை நிறுவனம் தரும் உறுதி) காப்பீட்டையும் காட்டினால் பதிவு செய்துகொள்கிறது. டெக்சாஸ் மாநில அளவில் எதையும் கேட்பதில்லை.

இப்படி வரிசையாகப் படித்தால் டெக்சாஸ்தான் மலிவு என்று தோன்றும். என் கணக்கு வேறு. இந்தத் தொழிலின் செலவுகளில் உரிமக் கட்டணம் மிகச் சிறியது. வேலை கெட்டுப்போனால் அந்த நட்டம் யார் தலையில் விழும்? வேலை நன்றாக முடிந்தும் வாடிக்கையாளர் பணம் தராவிட்டால் நீதிமன்றம் உங்கள் வழக்கை ஏற்குமா? இந்த இரண்டுக்கும் அந்தந்த மாநிலம் என்ன பதில் வைத்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மலிவு எது என்று சொல்ல முடியும்.

முதலில் தொழிலைப் பற்றிச் சில வார்த்தைகள்

கண்ணாடி இழைப் பஞ்சுச் சுருளைச் சுவரில் பொருத்துகிறவர் தொழிற்சாலையில் செய்து முடித்த பொருளைக் கையாள்கிறார். ஸ்ப்ரே ஃபோம் அடிப்பவர் பொருளையே வாடிக்கையாளரின் வீட்டுக்குள் தயாரிக்கிறார். ஒரு பீப்பாயில் ஐசோசயனேட். இதை ஏ பக்கம் என்பார்கள். இன்னொன்றில் பாலியோல், வினையூக்கி, நுரையை ஊதவைக்கும் திரவம் எல்லாம் கலந்த பிசின். இது பி பக்கம். டிரெய்லரில் இருக்கும் இயந்திரம் இரண்டையும் சூடாக்கி, அழுத்தம் ஏற்றி, சூடு ஆறாத ஹோஸ் வழியே நுரை தெளிக்கும் துப்பாக்கியின் முனைக்கு அனுப்புகிறது. அங்கே இரண்டும் சம அளவில் மோதிக் கலந்து, சில நொடிகளில் பொங்கி இறுகுகின்றன. நுரையில் இரண்டு வகை. உள்ளிருக்கும் நுண்ணறைகள் திறந்திருக்கும் திறந்த அறை நுரை கன அடிக்கு அரை பவுண்டு அளவில் இருக்கும். அவை மூடியிருக்கும் மூடிய அறை நுரை இரண்டு பவுண்டு அளவில். பின்னதன் ஆர் மதிப்பு, அதாவது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு, அங்குலத்துக்கு ஆறு, ஏழு வரை போகும்.

விகிதம் பிசகினால், மரம் ஈரமாக இருந்தால், ஒரே பூச்சில் அளவுக்கு மீறித் தடிமனாக அடித்தால் நுரை சுருங்கும், மரத்தைவிட்டுப் பிரியும், மாதக்கணக்கில் நாற்றம் வீசும். தடிமன் கூடும்போது உள்ளே வெப்பம் தேங்கித் தீப்பிடிக்கவும் கூடும். தவறு நடந்துவிட்டால் ஆணியைப் பிடுங்குவதுபோல் இதைப் பிடுங்க முடியாது; மரச்சட்டங்களுக்கு இடையில் ஒட்டியதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். எடுக்கும் செலவு அடித்த செலவைத் தாண்டிவிடும். உரிமம் பற்றிய பேச்சு முழுவதும் இந்த ஒரு காரணத்தால்தான் கனமாகிறது.

கலிபோர்னியா: நுழைவது கடினம்

கலிபோர்னியாவில் இந்த வேலைக்கான உரிமப் பிரிவு சி-2, அதாவது வெப்பத்தடுப்பும் ஒலித்தடுப்பும். இதைக் கொடுப்பது ஒப்பந்ததாரர் மாநில உரிம வாரியம். கூலியும் பொருளும் சேர்த்து 1,000 டாலருக்குக் குறைவான வேலைக்கு, கட்டட அனுமதி தேவைப்படாமலும் கூலியாள் வைக்காமலும் இருந்தால், உரிமம் வேண்டியதில்லை. முன்பு 500 டாலராக இருந்த வரம்பை 2025 ஜனவரியில் இப்படி உயர்த்தினார்கள். நம் தொழிலுக்கு இதனால் பெரிய பயன் இல்லை. டிரெய்லரைக் கொண்டுபோய் நிறுத்தி, வீட்டுக்குள் திரை கட்டி, ஹோஸைச் சூடேற்றி, இரண்டு ஆட்கள் பாதுகாப்பு உடை மாட்டிக்கொண்டு இறங்கும் வேலை அந்தத் தொகைக்குள் அடங்குவது அபூர்வம்.

உரிமத்துக்கு விண்ணப்பிப்பவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். கடந்த பத்து ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டுகள், தேர்ந்த தொழிலாளியாகவோ மேற்பார்வையாளராகவோ ஒப்பந்ததாரராகவோ வேலை செய்திருக்க வேண்டும். அதை நேரில் அறிந்த ஒருவர் கையெழுத்திட்டுச் சான்று தர வேண்டும். கையாளாக, பயிற்சி பெறுபவராக இருந்த காலம் இந்தக் கணக்கில் சேராது. தொடர்புடைய படிப்பு, தொழிற்பயிற்சி ஆகியவற்றுக்கு மூன்று ஆண்டுகள் வரை கழிவு கிடைக்கலாம். சிவில் படித்துவிட்டு வேறு வேலையில் இருக்கும் பொறியாளர்கள் இந்த வரியைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அதை மதிப்பீடு செய்து இணைக்க வேண்டும். எப்படியானாலும் ஒரு வருடமாவது கைவேலை அனுபவம் இருந்தே ஆக வேண்டும்.

பிறகு இரண்டு தேர்வுகள்: ஒன்று சட்டமும் வணிகமும், மற்றது தொழில் அறிவு. விண்ணப்பக் கட்டணம் 450 டாலர். தேறிய பிறகு, தனி உரிமையாளர் என்றால் 200 டாலர், நிறுவனம் என்றால் 350 டாலர். அதோடு 25,000 டாலருக்கான பிணைப்பத்திரம். இந்தத் தொகை 2023 ஜனவரியில் 15,000 டாலரிலிருந்து உயர்ந்தது. இருபத்தையாயிரத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று பயந்து பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். அப்படி இல்லை. பிணை நிறுவனம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் அதில் ஒரு சிறு விழுக்காட்டைப் பிரீமியமாகக் கட்டினால் போதும். ஆனால் அந்த விழுக்காடு உங்கள் கடன் வரலாற்றைப் பொறுத்தது. நாட்டுக்குப் புதிதாக வந்து கடன் வரலாறு குட்டையாக இருப்பவர் கூடுதலாகக் கட்டுவார். எல்.எல்.சி. (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) அமைப்பாகத் தொடங்கினால், தொழிலாளர் நலனுக்கென்று 100,000 டாலர் பத்திரம் தனி. சிறிய ஆள் எல்.எல்.சி.யைத் தவிர்த்து கார்ப்பரேஷன் பக்கம் போவதற்கு இது ஒரு காரணம்.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது கூரை. பரணுக்குள் அடிக்கும் நுரை சி-2 வேலை. அதே துப்பாக்கியால் தட்டையான கூரையின் மேல் அடித்து மழைநீரைத் தடுத்தால் அது கூரை வேலை. அதற்கு சி-39 உரிமம் வேண்டும். சி-39 வைத்திருப்பவர் ஆள் இல்லாமல் தனியாகவே வேலை செய்தாலும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்தாக வேண்டும். இரண்டாவது, "என்னிடம் பி உரிமம் இருக்கிறதே" என்கிற நம்பிக்கை. பொதுக் கட்டட ஒப்பந்ததாரருக்கான அந்த பி உரிமம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு தொழில்களாவது சேர்ந்த வேலைக்கு உரியது. வெறும் நுரை வேலையை மட்டும் தனி ஒப்பந்தமாக எடுத்துத் தானே செய்ய அது போதாது.

இத்தனைக்கும் பிறகு என்ன கிடைக்கிறது? உரிமம் இல்லாதவருக்கு என்ன நேர்கிறது என்று பார்த்தால் புரியும். கலிபோர்னியாவின் வணிக, தொழில் சட்டத் தொகுப்பில் 7031 என்று ஒரு பிரிவு இருக்கிறது. உரிமம் இல்லாமல் வேலை செய்தவர், செய்த வேலைக்குக் கூலி கேட்டு வழக்குப் போட முடியாது. அதோடு நிற்கவில்லை: வாடிக்கையாளர் ஏற்கெனவே கொடுத்த பணம் முழுவதையும், பொருளுக்குக் கொடுத்ததையும் சேர்த்து, திரும்பக் கேட்கலாம். நுரை அருமையாக ஒட்டியிருக்கலாம், வீடும் குளிர்ந்திருக்கலாம். உங்களிடம் உரிமம் இல்லை என்பது அவருக்கு முதலிலேயே தெரிந்தும் இருக்கலாம். எதுவும் எடுபடாது. குற்ற வழக்கு தனி. முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம் என்று சட்டம் இடம் தருகிறது. இதைப் படித்த பிறகும் வார இறுதியில் நண்பர் வீட்டுப் பரணில் அடித்துப் பழகுகிறேன் என்று யாராவது சொன்னால் அவருக்குத் துணிச்சல் அதிகம்.

உரிமம் இருந்தாலும் கலிபோர்னியாவில் பணப்புழக்கம் இறுக்கமானது. வீட்டு மேம்பாட்டு ஒப்பந்தத்தில் முன்பணமாக மொத்தத் தொகையில் பத்து விழுக்காடு அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. இரண்டு பீப்பாய்கள் கொண்ட ஒரு செட் ரசாயனமே பல ஆயிரம் டாலர். ஆகவே பொருளுக்கான பணத்தை நீங்கள் முதலில் போட வேண்டும், அல்லது விநியோகஸ்தர் கடன் தர வேண்டும். தொடக்க மூலதனத்தைக் கணக்கிடும்போது பலருக்கு விட்டுப்போவது இந்தத் தொகைதான்.

உரிமத்தை வாடகைக்கு எடுக்கலாமா?

பணம் இருக்கிறது, அனுபவம் இல்லை என்பவருக்கு ஒரு வழி காட்டப்படும்: உரிமத் தகுதி உள்ள ஒருவரைப் பொறுப்பு மேலாளராக வேலைக்கு வைத்து, அவர் தகுதியின் பேரில் நிறுவனத்துக்கு உரிமம் எடுப்பது. சட்டம் இதை அனுமதிக்கிறது. ஆனால் அவர் உண்மையான ஊழியராக இருக்க வேண்டும்: வாரம் 32 மணி நேரம், அல்லது நிறுவனம் இயங்கும் நேரத்தில் 80 விழுக்காடு, இதில் எது குறைவோ அது. அவர் பேரில் இன்னொரு 25,000 டாலர் பத்திரமும் வேண்டும். அவர் விலகினால் 90 நாட்களுக்குள் மாற்று ஆள் கிடைத்தாக வேண்டும்; இல்லையென்றால் உரிமம் முடங்கும்.

மாதம் ஒரு தொகை கொடுத்துவிட்டு, வேலைத்தளத்தின் பக்கமே வராத ஒருவரின் பெயரைப் போட்டுக்கொள்வது வேறு கதை. அப்படிச் செய்யத் தயாராக இருப்பவர்கள் எளிதில் கிடைக்கிறார்கள். வாரியம் அதை உரிமத்தை வாடகைக்கு விடுவதாகவே பார்க்கிறது. பிடிபட்டால் அவர் உரிமத்தோடு உங்கள் உரிமமும் போகும். என்னைக் கேட்டால், நுரை அடித்துக் கை பழுத்த ஒருவருக்கு நிறுவனத்தில் பத்து விழுக்காட்டுக்குக் குறையாத பங்கு கொடுத்து, பொறுப்பு அதிகாரியாகச் சேர்த்துக்கொள்வது மேல். அந்த அளவு பங்கு இருந்தால் இரண்டாவது பத்திரம் தேவையில்லை. அதைவிட முக்கியம், சொந்தப் பணம் உள்ளே இருப்பவர் துப்பாக்கி பிடிப்பவரைக் கவனிப்பார்.

வாஷிங்டன்: தேர்வு இல்லை, பத்திரம் உண்டு

மாநிலத்தின் தொழிலாளர், தொழில் துறையிடம் ஒப்பந்ததாரராகப் பதிவு செய்ய வேண்டும். தேர்வும் இல்லை, அனுபவச் சான்றும் இல்லை. சிறப்புத் தொழில் பட்டியலில் வெப்பத்தடுப்பு இருக்கிறது. பிணைப்பத்திரம் சிறப்பு ஒப்பந்ததாரருக்கு 15,000 டாலர், பொது ஒப்பந்ததாரருக்கு 30,000 டாலர். 2024 ஜூலைக்கு முன் இவை 6,000, 12,000 என்று இருந்தன. பொறுப்புக் காப்பீடு ஆட்களுக்கு நேரும் தீங்குக்கு 200,000, சொத்துச் சேதத்துக்கு 50,000, அல்லது இரண்டும் சேர்ந்து 250,000 டாலர்.

சிறப்புப் பதிவா, பொதுப் பதிவா என்பது இங்கே யோசிக்க வேண்டிய இடம். சிறப்பு ஒப்பந்ததாரர் தன் வேலைக்குத் துணையானதை மட்டுமே உள்குத்தகைக்கு விடலாம். நுரையை வெறுமனே விட்டுவைக்கக் கட்டட விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை. ஆட்கள் வாழும் பகுதியில் அரை அங்குல ஜிப்சம் பலகை போன்ற தீத்தடுப்பு அதை மூட வேண்டும். "நுரையும் அடித்து, பலகையும் போட்டு, பெயின்டும் அடித்துத் தருகிறேன்" என்று ஒரே விலை பேசப் பழகியவர் விரைவில் இந்த எல்லையைத் தொட்டுவிடுவார். அப்படிப்பட்டவர் தொடக்கத்திலேயே பொதுப் பதிவுக்குப் போவது நல்லது.

பதிவு இல்லாதவர் கூலி கேட்டு வழக்குப் போட முடியாது என்பது இங்கும் சட்டம். கொடுத்த பணத்தையும் பிடுங்கும் கலிபோர்னியாவின் கடுமை இல்லை என்பது வேறுபாடு. தொழிலாளர் இழப்பீட்டை இங்கே தனியார் நிறுவனத்திடம் வாங்க முடியாது. மாநில நிதியிடமிருந்தே வாங்க வேண்டும். விலை பேசும் வாய்ப்பு இல்லை என்று சிலர் குறைப்படுவார்கள். ஸ்ப்ரே ஃபோம் என்றதும் தனியார் காப்பீட்டு முகவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு நிம்மதி.

டெக்சாஸ்: கேட்க ஆளில்லை என்று நினைத்தால்

டெக்சாஸில் மின்பணிக்கும் குளிர்சாதனப் பணிக்கும் குழாய்ப் பணிக்கும் மாநில உரிமம் உண்டு. வீடு கட்டுபவருக்கும் இல்லை, நுரை அடிப்பவருக்கும் இல்லை. ஒரு காலத்தில் எட்டிப் பார்த்தார்கள்: 2003இல் குடியிருப்புக் கட்டுமான ஆணையம் ஒன்றை அமைத்து, வீடு கட்டுவோரைப் பதிவு செய்ய வைத்தார்கள். வீட்டு உரிமையாளர்களுக்கு அதில் திருப்தி இல்லை. 2009இல் சட்டமன்றம் அதற்கு உயிர் நீட்டிப்புக் கொடுக்காமல் விட்டுவிட்டது. அதன் பிறகு வெற்றிடம்தான். சில நகரங்கள் அனுமதிக்கு விண்ணப்பிக்கும் ஒப்பந்ததாரரைப் பதிவு செய்யச் சொல்லும். அதை ஒவ்வொரு நகர மன்றத்திலும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சந்தையைப் பார்த்தால் டெக்சாஸ் கவர்ச்சியானது. குளிர்சாதனக் குழாய்கள் பரணில் ஓடும் வீடுகள் அங்கே ஏராளம். கோடையில் கொதிக்கும் பரணின் கூரைப் பலகைக்கு அடியில் நுரை அடித்து, பரணையே வீட்டின் குளிர்ந்த பகுதிக்குள் கொண்டுவந்துவிடலாம். வாடிக்கையாளருக்கு இதைப் புரியவைக்க நீண்ட விளக்கம் தேவையில்லை. ஜூலை மாத மின் கட்டணமே விளக்கிவிடும்.

ஆனால் மாநிலம் கேட்காத கேள்வியை வேறு நால்வர் கேட்பார்கள். முதலாமவர் காப்பீட்டு நிறுவனம். வழக்கமான பொறுப்புக் காப்பீட்டில் மாசு விலக்கு என்று ஒரு பத்தி இருக்கும். நாற்றம், ஆவி, மூச்சுத்திணறல் என்று வரும் புகார்களை அதைக் காட்டித் தள்ளுவார்கள். நம் தொழிலில் வரும் புகாரில் பெரும்பகுதி அதுதான். சில பாலிசிகளில் ஸ்ப்ரே ஃபோம் என்ற சொல்லையே போட்டு விலக்கியிருப்பார்கள். ஆகவே ஒப்பந்ததாரர் மாசுப் பொறுப்புக் காப்பீடு என்பதைத் தனியாக வாங்க வேண்டும். கொடுப்பவர் உங்கள் பயிற்சிச் சான்றையும் அனுபவத்தையும் கேட்பார். இரண்டாமவர் ரசாயனம் விற்கும் நிறுவனம். தங்கள் பயிற்சியை முடிக்காதவருக்கு உத்தரவாதம் தர அது தயங்கும். மூன்றாமவர் வீடு கட்டும் பெரிய நிறுவனம். காப்பீட்டுச் சான்றிதழ் இல்லாதவரைத் தளத்துக்குள் விடாது. நான்காமவர் நகரக் கட்டட ஆய்வாளர். அவருக்குத் தடிமனும் தீத்தடுப்பும் கணக்கில் இருக்க வேண்டும்.

தொழிலாளர் இழப்பீட்டிலும் டெக்சாஸ் தனி வழி. தனியார் முதலாளி விரும்பினால் எடுக்கலாம், விட்டும்விடலாம். சேமிப்பு என்று எண்ணி விட்டுவிடும் முதலாளிக்கு ஒரு விலை உண்டு: அடிபட்ட தொழிலாளி வழக்குப் போட்டால், "அவருடைய கவனக்குறைவும் காரணம்", "ஆபத்து தெரிந்துதானே வந்தார்" என்கிற வழக்கமான எதிர்வாதங்களை அவர் வைக்க முடியாது. ஐசோசயனேட் ஒருவரின் நுரையீரலைக் கூருணர்வு அடையச் செய்துவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலும் ஆஸ்துமா வரும். அவர் இந்தத் தொழிலுக்கே திரும்ப முடியாமல் போகலாம். இருபத்தைந்து வயது இளைஞருக்கு அப்படி நேர்ந்தால் வழக்கின் தொகை எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேறு தொழில்களைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. ஸ்ப்ரே ஃபோமில் இந்தக் காப்பீட்டை விட்டுவிடுவது சூதாட்டம்.

ஆக, டெக்சாஸில் உரிமம் இல்லை என்பது உண்மை. அதனால் செலவு குறையும் என்பது பாதி உண்மை. வாரியத்துக்குக் கட்டாத பணத்தைப் போல் பல மடங்கு காப்பீட்டுக்கும் பயிற்சிக்கும் போகும்; போகவில்லை என்றால் நீங்கள் அவற்றை வாங்காமல் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். இன்னொன்றும் உண்டு. நுழைவு எளிது என்பதால் போட்டியும் மலிவாக வரும். கூட்டுறவுச் சங்கக் கடனில் பழைய டிரெய்லர் வாங்கிக்கொண்டு நேற்று வந்தவரோடு விலையில் மல்லுக்கட்ட வேண்டும்.

இடைப்பட்ட மாநிலங்கள்

இவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாசசூசெட்ஸில் கட்டுமான மேற்பார்வையாளர் உரிமத்தில் வெப்பத்தடுப்புக்கென்று தனிச் சிறப்புப் பிரிவு உண்டு. உரிமையாளர் குடியிருக்கும், ஏற்கெனவே கட்டிய வீடுகளில் வேலை என்றால் வீட்டு மேம்பாட்டு ஒப்பந்ததாரர் பதிவும் சேர வேண்டும். மிச்சிகனில் பராமரிப்பு, மாற்றப் பணி உரிமத்துக்குள் வெப்பத்தடுப்பு ஒரு பிரிவு. 60 மணி நேரப் பாடம் முடித்துத் தேர்வு எழுத வேண்டும். வட கரோலினாவில் 40,000 டாலர் மதிப்புள்ள வேலையிலிருந்துதான் பொது ஒப்பந்ததாரர் உரிமம் தேவை, டென்னசியில் 25,000 டாலர் வேலையிலிருந்து. ஒரு வீட்டுப் பரண் வேலை பெரும்பாலும் இந்தக் கோட்டுக்குக் கீழேயே முடிந்துவிடும். ஆனால் டென்னசியில் சில மாவட்டங்கள் சிறிய வீட்டு வேலைக்கும் தனி உரிமம் கேட்கும். நியூயார்க்கில் மாநில உரிமம் இல்லை, நகரத்திலும் சுற்றியுள்ள நாசோ, சஃபோக், வெஸ்ட்செஸ்டர் மாவட்டங்களிலும் தனித்தனியே உண்டு. நியூ ஜெர்சி இதுவரை பதிவோடு நிறுத்தியிருந்தது. 2024 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் அதை உரிம முறைக்கு நகர்த்துகிறது. அங்குள்ள எடிசன் நகரின் பக்கம் தொழில் தொடங்குபவர் பழைய தகவலை நம்பி இறங்கக் கூடாது.

எங்கே போனாலும் கூட வருபவை

சில விதிகளுக்கு மாநில எல்லை கிடையாது. 1978க்கு முன் கட்டிய வீட்டில் பழைய பெயின்டைக் கலைக்கும் வேலை என்றால், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஈய விதிப்படி நிறுவனம் சான்று பெற்றிருக்க வேண்டும், பயிற்சி பெற்ற ஒருவர் தளத்தில் பொறுப்பேற்க வேண்டும். சுவாசக் கவசம் அணியும் தொழிலாளிக்கு மருத்துவச் சோதனை, முகத்துக்குப் பொருந்தும் சோதனை, எழுத்தில் ஒரு திட்டம் இவை எல்லா இடத்திலும் கட்டாயம். வாடிக்கையாளருக்கு எத்தனை சதுர அடியில், எவ்வளவு தடிமனில், என்ன ஆர் மதிப்பில் அடித்தீர்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்; இது மத்திய வணிக ஆணையத்தின் விதி, டெக்சாஸ்காரரையும் கட்டும். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 10,001 பவுண்டு எடைத் தகுதியைத் தொட்டு, மாநில எல்லை தாண்டி வேலைக்குப் போனால் போக்குவரத்துத் துறையின் எண் வேண்டும். ஸ்ப்ரே ஃபோம் டிரெய்லர்கள் அந்த எடையை எளிதில் தாண்டும்.

வெப்பத்தைப் பற்றிய விதியில் மட்டும் மாநிலங்கள் பெரிதும் பிரிகின்றன. முழு உடையும் கவசமும் அணிந்து கோடைப் பரணுக்குள் நிற்பவருக்கு, கலிபோர்னியாவில் 2024 ஜூலை முதல் உள்ளிட வெப்ப விதி உண்டு: 82 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே தண்ணீர், ஓய்வு, குளிர்ந்த இடம் தர வேண்டும். டெக்சாஸ் 2023இல், நகரங்கள் தாமாகப் போட்டிருந்த தண்ணீர் இடைவேளை விதிகளை இல்லாமல் ஆக்கும் சட்டத்தை இயற்றியது. உங்கள் ஆட்களை நீங்கள் எப்படி நடத்துவீர்கள் என்பது மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது என்றால், கீழே என்ன எழுதியும் பயனில்லை.

துப்பாக்கி யார் கையில்?

மேலே சொன்ன உரிமங்கள் எதுவுமே, எனக்குத் தெரிந்தவரை, அடிப்படைக் கேள்வியைத் தொடுவதில்லை. கலிபோர்னியாவின் தேர்வை எழுதுபவர் நிறுவனத்தின் தகுதியாளர். பரணுக்குள் துப்பாக்கி பிடித்து நிற்பவர் போன வாரம் சேர்ந்தவராக இருக்கலாம். பஸ் கம்பெனி முதலாளியிடம் லைசென்ஸ் கேட்டுவிட்டு ஓட்டுநரை அப்படியே விட்டதற்குச் சமம் இது. கனடா மறுவழியில் போனது. அங்கே மூடிய அறை நுரைக்கான நிறுவல் தரம், அடிப்பவர் தனிப்பட்ட சான்று பெற்று அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்கிறது. நாள்தோறும் ஒட்டும் வலிமையையும் அடர்த்தியையும் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் சொல்கிறது. டொரண்டோவில் கட்டடத் தொழிலில் இருக்கும் தமிழர்களுக்கு இது பழகிய நடைமுறை. அங்கே அட்டை வாங்கிய ஒருவர் எல்லைக்குத் தெற்கே வந்தால் அந்த அட்டையைக் காட்டி உரிமம் பெற முடியாது. ஆனால் காப்பீட்டு முகவரிடம் அதற்கு மதிப்பு உண்டு.

அமெரிக்காவில் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது ஸ்ப்ரே பாலியுரேதேன் ஃபோம் கூட்டமைப்பின் தொழில்முறைச் சான்று. உதவியாளர், நிறுவுநர், தலைமை நிறுவுநர், திட்ட மேலாளர் என்று படிகள். சட்டக் கட்டாயம் இல்லை. தொடக்கத்துக்கு அமெரிக்க வேதியியல் மன்றத்தின் இலவச இணையப் பாதுகாப்புப் பாடம் இருக்கிறது. வேலைக்கு வரும் முதல் நாளே ஒவ்வொருவரையும் அதில் உட்காரவைக்கலாம். உரிமம் கேட்காத மாநிலத்தில் தொடங்குபவர் இந்தச் சான்றைத் தனக்குத் தானே விதித்துக்கொண்ட உரிமமாக எடுத்துக்கொள்ள வேண்டும். செய்த வேலையின் மேல் வழக்கு வந்தால், தரம் பேணியதைக் காட்ட உங்கள் கையில் வேறு காகிதம் இருக்காது.

யாருக்கு எது?

அதற்கு முன் விசா. உரிமம் வேலை செய்யும் உரிமையைத் தருவதில்லை. கலிபோர்னியா சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவரின் வரி எண்ணையும் விண்ணப்பத்தில் ஏற்றுக்கொள்கிறது. அதை வைத்துக் குடிவரவுத் துறை ஒப்புக்கொண்டதாக எண்ணிவிடக் கூடாது. எச்-1பி விசாவில் இருப்பவர் தன் சொந்தக் கம்பெனிக்காக சனிக்கிழமை துப்பாக்கி பிடிக்க முடியாது. தொழில் முதலீட்டுக்கான இ-2 விசா இந்தியக் குடிமக்களுக்குக் கிடையாது. இலங்கை, கனடா குடிமக்களுக்கு அந்த வழி திறந்திருக்கிறது.

அந்தக் கதவு திறந்திருப்பவர்களில், ஏற்கெனவே ஒரு நுரை நிறுவனத்தில் நான்கைந்து வருடம் உழைத்தவருக்கு நான் தயங்காமல் கலிபோர்னியாவைச் சொல்வேன். கடினமான வாசலை அவர் ஏற்கெனவே பாதி கடந்துவிட்டார். உள்ளே போன பிறகு மலிவுப் போட்டியிலிருந்து அந்த வாசலே அவரைக் காக்கும். பணம் இருந்து அனுபவம் இல்லாதவருக்கு வாஷிங்டன். தேர்வு இல்லாத அந்த எளிமையை, அனுபவமுள்ள ஒருவரை நல்ல சம்பளத்தில் வைத்துக்கொள்ளப் பயன்படுத்த வேண்டும். தானே துப்பாக்கி எடுக்க வேண்டாம். டெக்சாஸ், வீடு கட்டும் நிறுவனம் ஒன்றின் வேலை கையில் உறுதியாக இருப்பவருக்குப் பொருந்தும். வீடு வீடாக விளம்பரம் போட்டு வேலை பிடிக்க நினைப்பவருக்கு அங்கே விலைப்போர் காத்திருக்கிறது.

எந்த மாநிலமானாலும் டிரெய்லர் வாங்குவதற்கு முன் காப்பீட்டு முகவரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். மாசுப் பொறுப்பு சேர்த்து யாரும் விலை தராவிட்டால், அந்த டிரெய்லர் எத்தனை மலிவாக வந்தாலும் வேண்டாம்.

டெக்சாஸில் தொடங்கிப் பிறகு மேற்கே நகரும் எண்ணம் இருந்தால் முதல் வேலையிலிருந்தே காகிதம் சேர்க்க வேண்டும். வெளிமாநில அனுபவத்தைக் கலிபோர்னியா வாரியம் ஏற்கும். ஆனால் சுயதொழில் செய்தவரிடம் ஒப்பந்தங்கள், ரசீதுகள், வங்கிப் பதிவுகள், நகர அனுமதிகள் என்று கேட்டு நான்கு வருடத்தை நிரூபிக்கச் சொல்லும். உரிமம் இல்லாத மாநிலத்தில் நீங்கள் ஒப்பந்ததாரராக இருந்தீர்கள் என்று சொல்ல அரசுப் பதிவேடு எதுவும் இருக்காது. அரிசோனா, நெவாடா உரிமம் வைத்திருப்பவருக்குச் சில பிரிவுகளில் தொழில் தேர்வு விலக்கு உண்டு. சட்டத் தேர்வுக்கு அவர்களுக்கும் விலக்கு இல்லை.